மலைக் குடைவில் புகையும் காற்றும்

தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே நெடிய மதிலாக நிற்பது மேற்குத் தொடர்ச்சி மலை. அந்த மதிலில் இயற்கையே திறந்துவைத்த பெரிய வாயில் பாலக்காட்டுக் கணவாய் ஒன்றுதான். ஏனைய இடங்களில் மக்கள் மலைமீது ஏறி இறங்கவேண்டும். அல்லது மலையைக் குடைந்து வழி காணவேண்டும். பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரையிலும், அதற்குத் தெற்கேயும், இரண்டாவது வழியைத் தேடிய முயற்சிகள் சென்ற நூற்றுமுப்பது ஆண்டுகளாக நடந்துவருகின்றன.

பெரியாற்று நீரைக் கம்பம் பள்ளத்தாக்குக்குத் திருப்புவதற்காகப் பென்னிகுயிக்கின் தலைமையில் தேக்கடிக்கு அருகே குடையப்பட்ட 5,704 அடி நீளச் சுரங்கம் 1895-இல் திறக்கப்பட்டது. ஆரியங்காவு மலையைத் துளைத்துச் செங்கோட்டையையும் கொல்லத்தையும் இணைத்த ரயில் பாதை 1904-இல் வந்தது. இடுக்கி அணையின் நீரைக்கொண்டு மின்சாரம் ஆக்கும் மூலமற்றம் நிலையம் 1976-இல் தொடங்கிவைக்கப்பட்டது; அதன் யந்திரங்கள் ஆறும் மலையின் வயிற்றுக்குள்ளேயே சுழல்கின்றன. பாலக்காட்டிலிருந்து திருச்சூர் செல்லும் நெடுஞ்சாலையில், குதிரான் மலையைக் குடைந்து அமைத்த இரட்டைச் சுரங்கப் பாதையின் முதற்குழாய் 2021 ஜூலை 31 அன்றும், மற்றொன்று 2022 ஜனவரியிலும் வண்டிகளுக்குத் திறந்துவிடப்பட்டன. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இதுவே கேரள நெடுஞ்சாலைகளில் அமைந்த முதற்பெருஞ் சுரங்கம்.

குடைவதற்குப் பாறை தடையாக இருக்கும். ஊற்றுநீர் இடர் தரும். இவற்றையெல்லாம் பொறியியலார் வென்றுவிட்டனர். ஆயினும் எந்தச் சுரங்கத்தையும் விடாது தொடரும் வினா ஒன்று உண்டு. உள்ளே தீப்பற்றினால் என்ன ஆகும்? இவ்வினாவுக்கு உலகம் விடை கண்ட வரலாறு நீண்டது. அவ்விடையின் ஒவ்வொரு பகுதியும் பல உயிர்களை விலையாகக் கொடுத்தே பெறப்பட்டது.

தீ என்றவுடன் நம் மனத்தில் தோன்றுவது சுவாலைதான். ஆனால் சுரங்கத்தில் பெரும்பாலோரைக் கொல்வது சுவாலை அன்று, புகையே. இதனை முதன்முதலில் சான்றுகளோடு நிறுவியவர்களுள் ஒருவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்னும் பிரிட்டிஷ் உடலியல் அறிஞர். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கம் ஒன்றில் 1896-இல் வெடிவிபத்து நிகழ்ந்தபோது அவர் இறந்தோர் உடல்களை நேரில் ஆராய்ந்தார். வெடியின் அதிர்ச்சியால் மாண்டவர்கள் சிலரே. கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவால் மாண்டவர்களே பலர் என்று கண்டார். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தம் பிராணவாயுவை ஏற்கவொட்டாமல் தானே அவ்விடத்தைப் பற்றிக்கொள்ளும். ஆகவே மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும் மனிதன் மூச்சுத் திணறியவனைப்போல் இறக்கிறான். சுரங்கத் தொழிலாளர் சிறு பறவைகளைக் கூண்டிலிட்டு உள்ளே கொண்டுசென்று எச்சரிக்கை பெறும் வழக்கம் ஹால்டேனின் ஆராய்ச்சியிலிருந்து பிறந்ததே.

நீராவி ரயில் வந்தபின் இந்த அபாயம் பயணிகளையும் எட்டியது. செங்கோட்டைப் பாதையில் புகைவண்டி சென்ற காலத்தில், குகை நெருங்கும்போது ஜன்னல்களை இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்ட முதியோர் பலர். அது சிறு தொல்லையே. ஆனால் வண்டி குகைக்குள்ளே நின்றுபோனால் என்ன நேரும் என்பதை இத்தாலி கண்டது. 1944 மார்ச் 3-ஆம் நாள் நள்ளிரவுக்குப் பின், பால்வானோ என்னும் ஊருக்கு அருகே, அளவுக்கு மீறிய பளுவுடன் ஏற்றத்தில் சென்ற சரக்கு வண்டி ஒன்று ஆர்மி குகைக்குள் சக்கரம் வழுக்கி நின்றுவிட்டது. போர்க்காலமாதலின் மட்டமான நிலக்கரி. வண்டியில் இடம் கிடைத்த வழியெல்லாம் தொற்றிக்கொண்டு வந்த ஏழை மக்கள். எதுவும் தீப்பற்றவில்லை, எதுவும் மோதவில்லை. நீராவி எஞ்சின்களின் புகை ஒன்றே ஐந்நூறுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. உறங்கியவர்கள் உறங்கியபடியே மாண்டனர்.

இத்தகைய குகைகளுக்கு ஒரு பரிகாரத்தை அந்நாட்டவரே முன்னர்க் கண்டிருந்தனர். மார்க்கோ சக்கார்டோ என்ற பொறியியலார் 1890-களில் அப்பெனைன் மலையின் பிராக்கியா குகையில் புதுமுறை ஒன்றை அமைத்தார். குகை வாயைச் சுற்றி வளையம்போன்ற ஓர் இடைவெளி விட்டு, அதன் வழியாகப் பெரிய விசிறியால் காற்றை விசையுடன் உள்ளே பாய்ச்சினார். நம் அடுப்பங்கரையில் ஊதுகுழல் செய்யும் வேலைதான் இது. குழலின் வாயிலிருந்து வேகமாய் வரும் சிறிதளவு காற்று தன்னைச் சூழ்ந்த காற்றையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இன்றைக்குச் சுரங்கச் சாலைகளின் கூரையில் வரிசையாகத் தொங்கும் தாரை விசிறிகளும் இதே தத்துவத்தின்படியே இயங்குகின்றன.

மோட்டார் வண்டி பெருகியபோது கேள்வி புதிய உருவம் எடுத்தது. நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றின் அடியில் 1927-இல் திறக்கப்பட்ட ஹாலந்து சுரங்கமே மோட்டார்ப் புகைக்கென்று காற்றோட்டத்தைக் கணக்கிட்டு வகுத்த முதற்பெரும் பணி. அதற்குப் பெயர் தந்த கிளிஃபர்ட் ஹாலந்து வேலை முடியுமுன்பே இறந்தார்; அடுத்து வந்த தலைமைப் பொறியியலாரும் சில மாதங்களில் இறந்தார்; ஓலே சிங்ஸ்டாட் என்பவர் முடித்துவைத்தார். எவ்வளவு நச்சு வாயுவை மனிதன் தாங்குவான் என்பதை யேல் பல்கலைக்கழகத்தில் யாண்டெல் ஹெண்டர்சன் என்பவரும் துணைவரும் தன்னார்வலரை வைத்தே சோதித்தனர். அதன்படி, சாலைத்தளத்தின் கீழ்வழியே புதுக்காற்று வரவும், கூரையின் மேல்வழியே கெட்ட காற்று வெளியேறவும் 84 விசிறிகள் அமைக்கப்பட்டன. ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறியது. இந்த ஏற்பாட்டின் அருமை 1949 மே 13 அன்று தெரிந்தது. கார்பன் டைசல்ஃபைடு ஏற்றிவந்த லாரி ஒன்று உள்ளே தீப்பற்றிப் பல லாரிகள் எரிந்தன. 66 பேர் புகையாலும் தீயாலும் துன்புற்றனர். தீயணைக்கச் சென்ற அதிகாரி ஒருவர் பின்னாளில் இறந்தார். ஆனால் அன்று உள்ளே சிக்கிய பயணிகளில் ஒருவரும் மாளவில்லை.

இங்கே புகையின் இயல்பைச் சற்று நின்று நோக்குவது தகும். பழைய ஓட்டு வீட்டில் விறகடுப்பு எரியும்போது, நின்றுகொண்டிருப்பவர் கண்ணில்தான் புகை கரிக்கும். தரையில் உட்கார்ந்து சமைப்பவர் ஓரளவு தெளிந்த காற்றை மூச்சாகப் பெறுவார். சூடேறிய காற்று இலேசாகி மேலே செல்வதே காரணம். 600 பாகை வெப்பமுள்ள காற்றின் எடை, 20 பாகையிலுள்ள அதே அளவு காற்றின் எடையில் மூன்றில் ஒரு பங்கே. சுரங்கத்தில் இந்தப் புகை கூரையை முட்டியதும் மேலே போக வழியின்றி இருபுறமும் கூரையை ஒட்டி ஓடுகிறது. தொடக்கத்தில் கீழே நல்ல காற்றும் மேலே புகையுமாக இரண்டு அடுக்குகள் இருக்கும். இந்தச் சில நிமிடங்களே தப்பிப்பதற்குரிய காலம். தீயிலிருந்து விலகிச் செல்லச் செல்லப் பாறைச்சுவர் புகையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெப்பம் குறைந்த புகை கனத்துக் கீழிறங்கிச் சாலை முழுவதும் நிறைகிறது. அதனால் தீக்கு வெகுதொலைவில், தீயைக் காணாதவரே, இருளில் திசை தெரியாமல் மூச்சுமுட்டி வீழ்வதுண்டு.

காற்றைப் பாய்ச்சிப் புகையை ஒரே பக்கம் விரட்ட இயலாதா? இயலும், ஆனால் அதற்கு ஓர் அளவு உண்டு. காற்று மெதுவாக வீசினால், புகை கூரையை ஒட்டியே அதனை எதிர்த்துப் பின்னோக்கி ஊர்ந்து வரும். இப்பின்னோட்டத்தைத் தடுப்பதற்கு எவ்வளவு வேகம் வேண்டும் என்பதைப் பிரிட்டனின் தீ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிலிப் தாமஸ் 1958-இலும் 1968-இலும் எழுதிய ஆய்வுகளில் கணக்கிட்டார். புகையின் மேலெழும் விசையும் காற்றின் தள்ளும் விசையும் சமமாகும் அந்த வேகத்தை வரம்பு வேகம் எனலாம். தீ பெருகுந்தோறும் அதுவும் பெருகும்; எனினும் ஓர் எல்லைக்குமேல் ஏறக்குறைய நிலைத்துவிடுகிறது என்று பின்வந்தோர் கண்டனர். சாதாரணச் சாலைச் சுரங்கத்தில் பெரிய லாரித் தீக்கு அது நொடிக்கு மூன்று மீட்டர் அளவில் இருக்கும்.

தாளில் போட்ட இக்கணக்குகளை மெய்த்தீயில் சோதித்தும் பார்த்தனர். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கைவிடப்பட்ட மெமோரியல் சுரங்கத்தில் 1993 முதல் 1995 வரை 98 முறை தீமூட்டிப் பார்த்தார்கள். நார்வேயின் ரூனெஹமார் சுரங்கத்தில் 2003-இல் லாரிச் சுமையளவு மரத்தையும் பிளாஸ்டிக்கையும் மெத்தைகளையும் எரித்தபோது கூரையடியில் வெப்பநிலை 1,300 பாகையைக் கடந்தது. அலுமினியம் 660 பாகையில் உருகிவிடும் என்பதை நினைத்தால் இதன் கொடுமை விளங்கும். நச்சுப்பொருளோ எண்ணெயோ அன்று. நாள்தோறும் நம் சாலைகளில் செல்லும் சாதாரணச் சரக்குகளே இவ்வாறு எரிந்தன என்பது கருதத்தக்கது.

அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இவ்வுண்மையை உலகம் கொடிய முறையில் அறிந்திருந்தது. பிரான்ஸையும் இத்தாலியையும் இணைக்கும் 11.6 கிலோமீட்டர் நீளமுள்ள மோன் பிளாங் சுரங்கத்தில், 1999 மார்ச் 24 அன்று, மாவும் மார்கரினும் ஏற்றிய லாரி ஒன்று தீப்பற்றி நின்றது. தீ அணைய 53 மணி நேரம் ஆயிற்று. 39 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தம் வண்டிகளை விட்டு இறங்கவே இல்லை. சுரங்கத்தின் இருபாதிகளையும் இரு நாட்டு நிர்வாகங்கள் தனித்தனிக் கட்டுப்பாட்டு அறைகளிலிருந்து நடத்தின. இயற்கைக் காற்று அன்று இத்தாலியிலிருந்து பிரான்ஸை நோக்கி வீசிற்று. புகையை உறிஞ்சவும் புதுக்காற்றை ஊட்டவும் பயன்படக்கூடிய ஒரு காற்றுக்குழாய், உறிஞ்சவேண்டிய வேளையில் இத்தாலியப் பாதியில் காற்றை ஊட்டிக்கொண்டிருந்தது. விசிறிகள் ஓடாமல் இல்லை, ஓடின. எத்திசையில் ஓடவேண்டும் என்பதில் ஒருமுடிவு இல்லை. இவ்விபத்துக்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் 500 மீட்டருக்கு மேற்பட்ட முக்கியச் சாலைச் சுரங்கங்களுக்கெல்லாம் 2004-இல் பொதுவிதி வகுத்தது.

அரசாங்க ஏடுகளை மொழிபெயர்ப்போர்க்குக் ‘காற்றோட்டம்’ என்பது பழகிய சொல். ஆங்கிலச் சொல்லில் காற்று உண்டு என்ற பொருள் மட்டுமே தொனிக்கும். தமிழ்ச் சொல்லிலோ ஓட்டம் இருக்கிறது. ஓட்டம் என்றால் அதற்கு ஒரு திசை வேண்டும். அத்திசையை யார், எப்பொழுது, எதை எண்ணி முடிவு செய்கிறார் என்பதே சுரங்கத் தீயின் வரலாறு முழுவதும் கேட்கும் கேள்வி.

சரிவான சுரங்கத்தில் அத்திசையை மலையே முடிவு செய்துவிடும். ஆஸ்திரியாவின் காப்ரூன் மலையில், பனிச்சறுக்கு விளையாடச் செல்வோரை ஏற்றிச் செங்குத்தான சுரங்கத்தில் ஏறிய கம்பிவட ரயில் 2000 நவம்பர் 11 அன்று தீப்பற்றியது. சுரங்கம் முழுவதும் ஒரு புகைபோக்கி ஆயிற்று. தீயை விட்டு விலகி மேல்நோக்கி ஓடியோரைப் புகை துரத்திப் பிடித்தது. எரியும் பகுதியையே கடந்து கீழ்நோக்கிச் சென்ற 12 பேர் பிழைத்தனர். 155 பேர் இறந்தனர்.

இவை அயல்நாட்டுச் செய்திகள் என்று நாம் கருத இடமில்லை. தெலங்கானாவில் கிருஷ்ணையின் இடக்கரையில் உள்ள ஸ்ரீசைலம் நிலத்தடி மின்நிலையத்தில் 2020 ஆகஸ்ட் 20 இரவு தீ மூண்டது. சுரங்க வழியெங்கும் புகை அடைத்துக்கொண்டதால் மீட்கச் சென்றோர் மீண்டும் மீண்டும் திரும்பவேண்டியதாயிற்று. ஒன்பது பேர் உயிரிழந்தனர். அத்தகைய நிலையத்தில் மனிதர் வெளியே வரும் வழியும் புகை வெளியே செல்லும் வழியும் ஒன்றாகிவிட்டால் மனிதர் தோற்பர். ஏனெனில் புகை அவர்களைவிட விரைவாகச் செல்லும். மின்தீயில் மின்சாரமே அறுபடும் வேளையில் விசிறி எதனால் சுழலும் என்பது உடன் எழும் கேள்வி. இடுக்கி மலைக்குள் இருக்கும் மூலமற்றம் நிலையத்திலும் 2011 ஜூனில் நேர்ந்த தீ விபத்தில் பொறியியல் பணியாளர் இருவர் உயிரிழந்தனர். நமக்கு விளக்கேற்றித் தரும் அந்த மலைக்குகைகளில் இரவும் பகலும் மனிதர் பணிபுரிகின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது.

இவ்வளவும் அறிந்தபின் குதிரானுக்கு வருவோம். அங்கே குழாய்கள் இரண்டு. ஒன்றில் திருச்சூரை நோக்கியும் மற்றொன்றில் பாலக்காட்டை நோக்கியும் வண்டிகள் செல்கின்றன. காற்றை ஒரே திசையில் தள்ளும் முறைக்கு இந்த ஒருவழி ஏற்பாடு மிகப் பொருத்தமானது. ஒரு லாரி தீப்பற்றி நின்றால், அதற்கு முன்னே சென்ற வண்டிகள் தடையின்றி வெளியேறிவிடும். பின்னே வந்தவை நின்றுவிடும். ஆகவே வண்டி செல்லும் திசையிலேயே காற்றைச் செலுத்தினால், புகை ஆளில்லாத பக்கம் போகும். நின்றவர்களுக்கு நல்ல காற்று கிடைக்கும். ஒரே குழாயில் எதிரும் புதிருமாக வண்டிகளை விட்டால் இந்த நியாயம் முறிந்துபோகும். அப்பொழுது எப்பக்கம் தள்ளினாலும் அப்பக்கம் மனிதர் இருப்பர்.

காலக்கணக்கையும் பார்க்கலாம். சுரங்கத்தின் நடுவே தீ எனக் கொண்டால் வாயில் ஏறக்குறைய 485 மீட்டர் தொலைவு. நொடிக்கு மூன்று மீட்டர் ஓடும் காற்றில் புகை மூன்று நிமிடத்துக்குள் அதைக் கடந்துவிடும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நொடிக்கு ஒரு மீட்டர் நடப்பவருக்கு எட்டு நிமிடம் ஆகும். ஆகையால் தீக்கு முன்புறம் யாரேனும் நின்றிருந்தால், விசிறியை முழுவேகத்தில் முடுக்குவதே அவர்களுக்கு எமனாகலாம். மெல்லிய காற்றில் கலையாதிருக்கும் புகையடுக்கும் பெருங்காற்றில் குலைந்து தரைவரை கலந்துவிடும். தீக்கும் அது உணவாகும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், உள்ளே எங்கெங்கு மனிதர் இருக்கின்றனர் என்பதைக் கண்டபின்பே விசிறியின் பொத்தானைத் தொடவேண்டும். அதற்குக் கண்காணிப்புக் கருவிகள் பழுதின்றி இருப்பது முதற்கடமை. 2022 ஜனவரியிலேயே, பின்பெட்டியைத் தூக்கியவாறு நுழைந்த டிப்பர் லாரி ஒன்று குதிரானில் நூற்றுக்கும் மேற்பட்ட விளக்குகளையும் கேமராக்களையும் உடைத்துச் சென்றது. ஒருவரின் கவனக்குறைவு சுரங்கத்தின் கண்களையே குருடாக்கிவிடும் என்பதற்கு அது சான்று.

இப்பகுதிக்கே உரிய மற்றொன்றும் உண்டு. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கீழ்க்காற்று வீறிட்டு வீசும். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் காற்று எதிர்ப்புறமாகத் திரும்பி, கோவை வரையில் வந்து வீசும். கணவாயின் மேற்கு ஓரத்தில் நிற்கும் குதிரான் மலையின் இரு வாயில்களிலும் இக்காற்றின் அழுத்தம் ஒன்றாக இராது. எனவே, ஒரு பருவத்தில் விசிறிக்குத் துணையாகும் காற்று மறு பருவத்தில் அதற்குப் பகையாகலாம். மோன் பிளாங்கில் இயற்கைக் காற்று செய்ததை நினைக்குங்கால், தீத்தடுப்பு ஒத்திகையை ஆண்டுக்கு ஒரு பருவத்தில் மட்டும் செய்வது போதாது என்பது தெளிவாகும்.

பயணியின் கடமை என்ன? சுரங்கத்தினுள் முன்னே தீயோ புகையோ கண்டால் வண்டியைத் திருப்ப முயலாமல் ஓரமாக நிறுத்தவேண்டும். எஞ்சினை அணைத்துச் சாவியை வண்டியிலேயே விட்டுவிடவேண்டும். பொருளை எடுக்க நில்லாமல், தீக்கு எதிர்ப்புறமாக, வந்த வழியே நடக்கவேண்டும். அண்மையில் மறுகுழாய்க்குச் செல்லும் குறுக்குவழி இருந்தால் அதில் புகவேண்டும். புகை சூழ்ந்தால் குனிந்து, சுவரைத் தொட்டபடியே செல்லவேண்டும். வண்டிக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு காத்திருப்பது பாதுகாப்பு அன்று. மோன் பிளாங்கில் அவ்வாறு காத்திருந்தோர் மீளவில்லை.

இமயத்தில் 2017-இல் திறந்த செனானி–நஷ்ரி சுரங்கமும் 2020-இல் திறந்த அடல் சுரங்கமும் ஒன்பது கிலோமீட்டருக்கு மேற்பட்டவை. கேரளத்திலும் கோழிக்கோட்டுக்கும் வயநாட்டுக்கும் இடையே எட்டுக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட சுரங்கச் சாலைக்கான பணி 2025-இல் தொடங்கிற்று. குடைவுகள் இனி நீளுமேயன்றிக் குறையா. பாறையைப் பிளப்பதில் நாம் காட்டும் பெருமிதத்தை, ஓட்டம் நின்றுபோன ஒரு விசிறியைச் சீர்செய்வதிலும், அணைந்த ஒரு விளக்கை மாற்றுவதிலும், யாரும் பார்க்காத நள்ளிரவு ஒத்திகையிலும் காட்டுவோமானால், பால்வானோவிலும் ஸ்ரீசைலத்திலும் மாண்டோர் விட்டுச் சென்ற பாடம் வீணாகாது.